வன்னியில் எத்தனை பேர்? ஒரு கழித்தல் கணக்கு

பாலசமுத்திரத்திலிருந்து பேசுகிறேன். இந்த எபிசோடில் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும், மன்னிச்சிடுங்க. வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, பழைய சுண்ணாம்பைச் சுரண்டுகிறார்கள். பதிவைத் தள்ளிப்போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரரும் கடைசியில் இந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டார். அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

போன இரண்டு எபிசோடும் ருவாண்டா பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு நேயர் ஒரு வரி அனுப்பியிருந்தார். “ருவாண்டாவுக்கு 8 லட்சம், 10 லட்சம்னு எண் சொல்றீங்க. முள்ளிவாய்க்காலுக்கு என்ன எண்ணு?” ஐந்து நிமிஷத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

முதலில் ருவாண்டாவுக்கு எப்படி ஓர் எண் கிடைத்தது என்று பார்த்துவிடலாம். 1994 ஏப்ரல் 7இல் தொடங்கி ஏறக்குறைய 100 நாள். துட்சி மக்களும், கொலைக்கு உடன்படாத ஹுட்டு மக்களும் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. வழக்கமாகச் சொல்லும் எண் 8 லட்சம். ருவாண்டா அரசு பின்னர் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 10 லட்சத்துக்கும் மேல் என்று வெளியிட்டது. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஆனாலும் யாரோ வீடு வீடாகப் போய், “உங்க வீட்டில் யார் யார் இல்லை?” என்று கேட்டிருக்கிறார்கள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2002இல் ‘கச்சாச்சா’ என்கிற ஊர் நீதிமன்றங்களைத் தொடங்கினார்கள். நம்ம ஊர் மரத்தடிப் பஞ்சாயத்து மாதிரி, திறந்த வெளியில், ஊர்க்காரர்களே நீதிபதிகளாக உட்கார்ந்து நடத்துவது. அப்படி சுமார் 12,000 மன்றங்கள். 2012இல் மூடும்போது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் முடிந்திருந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், ஆனால் உடலை எங்கே போட்டாய் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படித்தான் கிணறுகளும் கழிப்பறைக் குழிகளும் தோண்டப்பட்டன. குறைகள் நிறைய உண்டு. குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. இன்று ஆட்சியில் இருக்கும் அணி அப்போது செய்த கொலைகளை அந்த மன்றங்களில் பேசவே முடியவில்லை. 2018இல்கூட கிகாலிக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு அடியில், புதிய புதைகுழிகளைக் கண்டெடுத்தார்கள். 24 வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்கள், சொல்லவில்லை.

இன்னொன்று. ருவாண்டாவில் கொல்வதற்கு முன்பே பட்டியல் தயாராக இருந்தது. பெல்ஜியம்காரர்கள் 1930களில் கொண்டுவந்த அடையாள அட்டையில் துட்சியா ஹுட்டுவா என்று எழுதியிருக்கும். சாலைத் தடையில் அட்டையைக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இங்கிருந்து கொழும்புக்குப் போக அதிக தூரம் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் தெருவில் இறங்கியபோது பலர் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழர் வீடு, எது சொந்த வீடு, எது சிங்களரிடம் வாடகைக்கு எடுத்தது என்று பார்த்துப் பார்த்துத் தீ வைத்தார்கள். வாடகை வீடு என்றால் சாமான்களை மட்டும் வெளியே இழுத்துப் போட்டு எரித்தார்கள். அரசாங்கக் காகிதம் அவ்வளவு துல்லியமாக வேலை செய்தது. ஆனால் அந்த ஜூலையில் இறந்தவர்கள் எத்தனை பேர்? அரசு சில நூறு என்றது. தமிழர் தரப்பு 3,000 வரை சொல்கிறது. 40 வருஷம் தாண்டியும் பெயர்களோடு ஒரு முழுப் பட்டியலை அரசு வெளியிடவில்லை.

சரி, வன்னிக்கு வருவோம்.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு, பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி, ஐ.நா. ஊழியர்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. அவர்களும் கிளம்பினார்கள். கிளிநொச்சியில் ஐ.நா. வளாகத்தின் வாசலில் மக்கள் நின்று, போகாதீங்க என்று கெஞ்சினார்கள். அதன் பிறகு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு மிஞ்சியது கச்சேரி மட்டும். நமக்குக் கச்சேரி என்றால் பாட்டு. அங்கே கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம், நம்ம கலெக்டர் ஆபீஸ். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலும் அரசு ஊழியர்கள் கொழும்பிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். கிராம சேவையாளர் ஊர் ஊராகக் கணக்கு எடுப்பார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் வரும்.

2009 பிப்ரவரியில், சண்டைக்குள் மாட்டியிருப்பவர்கள் 70,000 பேர்தான் என்று கொழும்பு சொன்னது. முல்லைத்தீவு அரசாங்க அதிபரின் அலுவலகம் அனுப்பிய கணக்கோ 3 லட்சத்துக்கும் மேல். எது சரி என்று தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. மே மாதம் எல்லாம் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்களே 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். எழுபதாயிரம் என்று சொன்ன இடத்திலிருந்து இத்தனை பேர் நடந்து வந்தார்கள்.

ஏன் குறைத்துச் சொன்னார்கள்? ஐ.நா. நிபுணர் குழு தன் 2011 அறிக்கையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறது. தலையை குறைத்தால் உணவுக் கப்பலும் மருந்தும் குறையும். இதை நான் படித்தது ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. மேலே படிக்க முடியவில்லை. குண்டு விழுந்து செத்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் ஷெல் விழுந்ததைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் அந்த வரிசை ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்பதற்கு ஒரு காரணம், கொழும்பில் ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட தவறான எண்.

இனி அந்தக் கழித்தல். 2011 ஜனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் போய் உட்கார்ந்தார். அவர் கொண்டுபோனது கச்சேரிக் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1,46,679. இவர்கள் எங்கே? அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவர் பெயர்களோடு ஒரு கொலைப் பட்டியலைக் கொண்டுபோயிருந்தால் அதை மறுப்பது சுலபம். புலிகள் சொன்னது, வெளிநாட்டுத் தமிழர் சொன்னது என்று ஒதுக்கிவிடலாம். இது அரசாங்கத்தின் சொந்த ஆபீஸ் எழுதிய எண். நாலாம் வகுப்புப் பிள்ளை போடும் கழித்தல். அவருக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. 2021 ஏப்ரல் 1இல் அவர் காலமானார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்ம மேடைகளில் இது அடிக்கடி குழம்புகிறது. 1,46,679 என்பது இறந்தவர்கள் எண்ணிக்கை இல்லை. கணக்கில் வராதவர்கள் எண்ணிக்கை. இதில் முகாமில் பதியாமல் தப்பியவர்கள் இருக்கலாம், கடல் வழியாகப் போனவர்கள் இருக்கலாம், முதல் கணக்கிலேயே இரண்டு முறை எழுதப்பட்டவர்களும் இருக்கலாம். ஆயரும் இத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லவில்லை. என்ன ஆனார்கள் என்றுதான் கேட்டார். நாம் அதை ஒரு சாவு எண்ணாக மாற்றி போஸ்டரில் அடித்தால், அந்தக் கேள்வியின் கூர்மை போய்விடுகிறது என்பது என் கருத்து. கோபப்படுகிறவர்கள் படலாம்.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். போர் நடந்துகொண்டிருந்தபோதே கொழும்பில் ஐ.நா. ஊழியர்கள் சிலர், வன்னிக்குள் இருந்த தொடர்புகளை வைத்து, ஒவ்வொரு சாவையும் சரிபார்த்துக் கணக்கு வைத்தார்கள். 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டார்கள், 18,479 பேர் காயம். சரிபார்க்க முடியாததை அவர்கள் சேர்க்கவில்லை, கடைசி நாட்கள் அதில் இல்லவே இல்லை. அதையும் ஐ.நா. அப்போது வெளிப்படையாக வெளியிடவில்லை. 2011 நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வே தன் தவறுகளை ஆராய்ந்த அறிக்கை, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. இலங்கை அரசு முதலில் பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகவில்லை என்றது. பிறகு புள்ளிவிவரத் துறை கணக்கெடுத்து, புலிகளையும் சேர்த்து, சுமார் 9,000 என்று 2012இல் இறங்கி வந்தது. பூஜ்ஜியத்திலிருந்து 9,000க்கு வர மூன்று வருஷம்.

நடந்ததை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதிலும் இதே கதைதான். தமிழ்நாடு சட்டமன்றம் 2013இலும் வடமாகாண சபை 2015இலும் இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டன. ஐ.நா. அறிக்கைகள் போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற அளவில் நிற்கின்றன. புலிகள் மக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதும், பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அதே அறிக்கைகளில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நான் படித்துக் காட்ட மாட்டேன்.

ருவாண்டாவையும் முள்ளிவாய்க்காலையும் இணைக்கிற ஆள் ஒருவர் உண்டு. அவர் ஒரு தமிழச்சி. நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஒரு பஸ் டிரைவரின் மகள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் வக்கீலானவர். 1995இல் ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதியானார். தாபா என்ற ஊரின் மேயர் அகாயெசு மீதான வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றிய குற்றச்சாட்டே இல்லை. சாட்சிக் கூண்டில் ஒரு பெண், வேறு எதையோ சொல்லிக்கொண்டே வந்தவர், தன் சின்ன மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேற்கொண்டு கேட்டார்கள். குற்றச்சாட்டு திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2இல் வந்த தீர்ப்பு, வன்புணர்ச்சியும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று முதன்முதலாகச் சொன்னது.

இதே நவநீதம் பிள்ளை 2008இல் ஐ.நா. மனித உரிமை ஆணையரானார். 2013 ஆகஸ்டில் இலங்கைக்குப் போய், வடக்கில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைச் சந்தித்தார். கொழும்பில் அவருக்கு என்ன வரவேற்பு தெரியுமா? ‘தமிழ்ப் புலி’ என்று பட்டம். ஓர் அமைச்சர் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார் என்று பொதுவெளியில் சொன்னார். சர்வதேச நீதிபதியாக இருந்த, எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவிடம்! அடுத்த மார்ச்சில் மனித உரிமை மன்றத்தில் சர்வதேச விசாரணைக்கான தீர்மானம் நிறைவேறியது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

ருவாண்டாவில் ஒரு தாய் சொன்னதை நீதிபதிகள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் தாய்மார்கள் ரோட்டோரம் படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டுபோன பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. காத்திருந்தபடியே செத்துப்போனவர்கள் பலர். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம் என்றால், காணவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவதற்கு 2016இல் சட்டம் வந்தது. பாங்க் கணக்கு, காணி விஷயத்துக்கு அது உதவும். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். எங்கே, எப்போது, யாரால் என்று சொல்லவில்லை.

இப்போது கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கம். பாலசமுத்திரத்தை ஒட்டி பாலாறு பொருந்தலாறு அணை. அந்தப் பக்கத்தில்தான் பொருந்தல். 2009லும் 2010லும் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழு அங்கே பழைய கல்லறைகளைத் தோண்டியது. ஒரு கல்லறையில் நாலு கால் வைத்த ஜாடி, அதற்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல். செத்தவருக்காக வைத்தது. அந்த நெல்லை அமெரிக்காவில் பீட்டா அனலிடிக் என்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று பதில் வந்தது. நானும் அப்போது ஊர்க்காரன் என்ற பெருமையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்லறையைத் தோண்டிக்கொண்டிருந்த அதே வருஷம்தான் முள்ளிவாய்க்கால் நடந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

மன்னாரில் 2018இல் சதொச கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது எலும்புகள் வந்தன. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகள் உட்பட. மாதிரிகளை எங்கே அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே பீட்டா அனலிடிக். 2019இல் வந்த முடிவு, 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. குடும்பங்களின் வக்கீல்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குழிக்கரையில் மாதக் கணக்கில் நின்ற தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். எலும்பு கிடைத்தது, ஆனால் அது உன் பிள்ளை இல்லை, 400 வருஷத்துக்கு முந்தைய யாரோ என்றால், அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா?

செம்மணி வேறு. கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவி 1996இல் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற ஒரு படைவீரர், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்களைப் புதைத்தோம் என்று 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது கிடைத்தது 15. அத்தோடு மூடினார்கள். 2025 பிப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டத் தோண்டியபோது மறுபடி எலும்பு. அந்த வருஷமே 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்துவிட்டார்கள். ஒரு குழந்தையின் எலும்போடு நீல நிறப் பள்ளிப் பை. ஆகஸ்டில் கிடைத்த பொருள்களையெல்லாம் பரப்பி வைத்து, அடையாளம் தெரிகிறதா பாருங்கள் என்று மக்களை வரிசையில் விட்டார்கள். துணி, செருப்பு, பொம்மை, பால் புட்டி.

எங்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்கும் அண்ணன், பழனிப் பக்கத்து முகாம் ஒன்றில் இருப்பவர். 1990இல் பன்னிரண்டு வயதில் படகில் வந்தார். 2021இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அடுத்த வருஷம் திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 புது வீடுகளும் கட்டிக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்வார். ஆனால் தணிக்கை நாளில் வேலைக்கு வர மாட்டார். ஆபீஸர் வந்து தலை எண்ணும்போது குடும்பத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகையில் சிக்கல். “எங்களை எண்ணின மாதிரி உலகத்தில ஆரையும் எண்ணியிருக்க மாட்டினம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முப்பத்தைந்து வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய மூத்த அண்ணன் குடும்பம் வன்னியிலேயே நின்றுவிட்டது. 2009 ஜனவரியில் கடைசி போன். இந்த எபிசோடுக்காக நான் ஆயரின் எண்களைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் நின்றவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தம்பி, அந்த முதல் கணக்கு எப்ப எடுத்தது?”

“2008 அக்டோபர் அண்ணே.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப எங்கட சின்னன் அதில இல்லை” என்றார்.

இறங்கி வந்து டீ குடித்தார். அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், அண்ணியின் தாய், தங்கச்சி குடும்பம் எல்லாமாக பதினொரு பேர். அதில் ஒன்று 2009 மார்ச்சில் புதுமாத்தளனில் பிறந்த பெண் குழந்தை. முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு சொந்தக்காரர் அங்கே பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பதினொரு பேரையும் யாரும் பார்க்கவில்லை. கச்சேரிக் கணக்கில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். கழித்தால் பத்துதான் வரும்.

நான் இத்தனை வாரம் அந்தக் கழித்தலில் எது கூடுதலாக இருக்கும் என்றே தேடிக்கொண்டிருந்தேன். எது விட்டுப்போயிருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அந்த எட்டு மாதத்தில், பதுங்குகுழியிலும் தார்ப்பாய்க் கூடாரத்திலும் பிறந்த பிள்ளைகள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பெயர்களை எழுதித் தரச் சொன்னேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார். எழுத்து குண்டு குண்டாக இருக்கும், முகாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. பத்துப் பெயர்கள், பக்கத்தில் வயது. பதினொன்றாவது எண் போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.

“பேர் என்ன அண்ணே?”

“வைச்சவையோ தெரியாது தம்பி.”

வயது என்ற இடத்தில் மட்டும், இரண்டு மாசம் என்று எழுதினார். பிறகு மத்தியானம் வரைக்கும் கிழக்குச் சுவர். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.